டிரம்முக்கு இருபது

“எங்க வைக்கிறதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் பாட்டுக்கு வேலைய ஆரம்பிச்சிடுவேன் அண்ணே,” என்றார் படகில் ஃபைபர் தொட்டி வார்க்க வந்திருந்த ஃபைபர்காரர். மூன்றாவது முறையாகச் சொல்கிறார். படகின் தளத்தில் அவருடைய சாமான்கள் பரப்பிக் கிடந்தன. அளவு நாடா, சுண்ணக்கட்டி, காதில் செருகியிருந்த பென்சில், போதாததற்கு வாயிலும் ஒரு பென்சில்.

“சொல்றேன்,” என்றார் மணிக்கூண்டு. அதையும் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. படகுத்துறையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரென்று தெரியாமல் விழிப்பார்கள். நாலரை மணிக்குக் கிளம்புவதென்றால் நாலரைக்குக் கயிற்றை அவிழ்த்துவிடுகிற மனிதர். நாலு முப்பத்தொன்றுக்கு மூச்சிரைக்க ஓடிவருகிறவன் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சொந்த மருமகனையே கல்யாணமான எட்டாம் நாள் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் கரையில் நின்றிருந்த மருமகனைப் பார்த்து, “அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?” என்று கேட்டார். மாப்பிள்ளை அல்லவா, மரியாதை குறையக்கூடாது. அவர் திட்டுவதில் ‘ங்க’ விட்டுப்போனதே இல்லை என்று துறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதெல்லாம் ஐந்து மாதத்துக்கு முந்திய கதை. ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் போயிற்று. கால் பாதி திரும்பிவிட்டது. கைத்தடி ஊன்றிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார். வாயும் ஏறக்குறையச் சரியாகிவிட்டது, பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். கை மட்டும் திரும்பவில்லை. அசைந்தது, ஆனால் எதையும் அறியவில்லை. சூடான டம்ளரை அதன்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கொப்புளத்தைப் பார்த்து மனைவிதான் கத்தினாள்.

“வலிக்கலையா உங்களுக்கு?”

“இல்ல.”

“ஐயோ, கொஞ்சமாவது?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

கையோடு போயிருந்தால் பரவாயில்லை. உள்ளேயும் எதுவோ அதேமாதிரி ஆகிவிட்டது என்பது அவள் எண்ணம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது “சரி” என்றார். படகை இனி மருமகன்தான் ஓட்டவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதும் “சரி” என்றார். திட்டுவது நின்றுபோயிற்று. மருமகன் ஒருநாள் வேண்டுமென்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து எதிரில் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வாங்க மாப்ளே, சாப்பிட்டீங்களா?” என்றார். மருமகன் அடுக்களைக்குள் போய், “அத்தை, எனக்கு பயமா இருக்கு,” என்றான்.

இந்தத் தொட்டி யோசனை அப்போது பிறந்ததுதான்.

வலையை விட்டுவிட்டு இந்தப் பருவத்திலிருந்து தூண்டிலுக்கு மாறுவதென்று மருமகன் முடிவு செய்திருந்தான். சூரை மீன் கூட்டத்தைக் கண்டதும் உயிரோடு இருக்கிற மத்திக்குஞ்சுகளை அள்ளி அள்ளிக் கடலில் வீசவேண்டும். சூரை மேலே வந்து மொய்க்கும். ஐந்து பேர் பின்பக்கம் வரிசையாக நின்று தூண்டில் போட்டு இழுப்பார்கள். இரையை உயிரோடு வைத்திருக்க ஒரு தொட்டி வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வீச ஓர் ஆள் வேண்டும். வீசுவதற்கு ஒரு கை போதும்.

“ஒரு கை போதும் அத்தை. இடது கை போதும்!”

“நிக்கணுமேப்பா. அந்த ஆட்டத்துல நிக்கணுமே.”

மருத்துவரிடம் போய்க் கேட்டார்கள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உறுதியாக ஏதாவது இருந்தால் போகலாம் என்றார் அவர். படகில் அப்படி ஓர் இடம் உண்டு. சுக்கான் அறையின் பின்சுவர். சுவர் நெடுக இரும்புக் கைப்பிடி ஓடுகிறது. தொட்டியை அந்தச் சுவரை ஒட்டி, படகின் நடுவில் வைத்தால் அவர் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டே வீசலாம். பின்பக்கம் வைத்தால் முடியாது. அங்கே பிடிமானம் கிடையாது. விளிம்பு முழங்கால் உயரம்தான். மீனைத் தூக்கி உள்ளே போட இடைஞ்சல் என்று அங்கே கம்பியும் அடிக்க முடியாது. ஆக, தொட்டி நடுவில் வந்தால் மணிக்கூண்டு மறுபடி கடலுக்குப் போவார். பின்னால் போனால் வீட்டு ஜன்னலோர நாற்காலிதான்.

இது நான்கு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“நடுவுலயே வச்சிடலாமே மாமா?” என்றான் மருமகன், சும்மா தோன்றியதுபோல.

“நடுவுக்குக் கீழ என்ன இருக்கு?”

“இன்ஜின்.”

“சூடு ஏறும். அதிர்வு வேற.”

“தண்ணிதான் ஓடிட்டே இருக்குமே அண்ணே,” என்றார் ஃபைபர்காரர். “மத்திக்கு அதிர்வு என்ன தெரியப்போகுது?”

“நீங்க மத்தியா இருந்திருக்கீங்களா?”

ஃபைபர்காரர் வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டுச் சிரித்தார். மணிக்கூண்டு சிரிக்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார் போலிருந்தது.

“மீன்கிட்டயே கேட்டுடுவோம்,” என்றார்.

புதிதாக எதை வைப்பதென்றாலும் அவர் வழக்கம் அதுதான். ஐஸ் பெட்டிக்கு இடம் பார்த்தபோது மூன்று இடத்தில் மூன்று பாளம் ஐஸை வைத்து எது கடைசியாகக் கரைகிறது என்று பார்த்தவர். இப்போது மூன்று நீல டிரம் வந்தது. முன்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டினார்கள். தளம் கழுவுகிற பம்பிலிருந்து மூன்றுக்கும் சன்னக் குழாய் போட்டார்கள். மணிக்கூண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, சின்ன வலைக்கரண்டியை இடது கையில் பிடித்து, மத்திக்குஞ்சுகளை வாய்விட்டு எண்ணிப் போட்டார். டிரம்முக்கு இருபது. எண்ணாத மிச்சம் ஒரு வாளியில் கிடந்தது. துறைமுக வாயைத் தாண்டி மிதவை வரைக்கும் போய்த் திரும்புவது, ஒரு மணி நேரம். எதில் அதிகம் உயிரோடு இருக்கிறதோ அங்கே தொட்டி.

“நானும் வரேன்,” என்று மனைவி ஏறிக்கொண்டாள். கையில் டீ பிளாஸ்க், தோளில் பை.

“உனக்கு வாந்தி வருமே.”

“வந்தா வரட்டும். கடல்ல எடமா இல்ல?”

மருமகன் சுக்கானைப் பிடித்தான். மணிக்கூண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு படகு அவருக்குக் கீழே அசைகிறது. என்னவோ தோன்றும் என்று மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராக இருந்தது. சூரியன் இடப்பக்கம் இருந்தது. மணி எட்டு இருபது இருக்கும் என்று நினைத்தார். இருந்தது.

“டீ ஊத்திட்டு வரேன்,” என்று மனைவி பின்னால் போனாள். டீ ஊற்ற ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. டீ வந்தது. இடது கையில் வாங்கிக் குடித்தார்.

மிதவைக்குப் பக்கத்தில் வந்ததும் மருமகன், “மாமா, இதக் கொஞ்சம் புடிங்க. பம்பு சத்தம் ஒரு மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்,” என்றான்.

“நானா?”

“வேற யாரு?”

இடது கை சுக்கானில் போய்ப் பழகிய இடத்தில் உட்கார்ந்தது. வலது கையையும் எடுத்து மேலே வைத்துக்கொண்டார். அது அங்கே சும்மா கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி. மிதவையைச் சுற்றிப் படகை ஒழுங்காகத் திருப்பினார். மருமகன் திரும்பி வந்து, “அருமையா திருப்பினீங்க மாமா!” என்றான், குழந்தையிடம் சொல்கிறாற்போல. “சரி,” என்றார் மணிக்கூண்டு.

அப்போதுதான் இரண்டு கடற்காகங்கள் படகுக்குப் பின்னால் வந்தன. பிறகு ஐந்தாறு வந்தன. ஒன்று தண்ணீரில் விழுந்து எதையோ கொத்திக்கொண்டு எழுந்தது. படகில் மீன்பாடு இல்லை, குடல் கழிவு இல்லை. காகம் எதற்கு வருகிறது என்று நினைத்தார். நினைத்ததை அப்படியே வைத்துக்கொண்டார்.

திரும்புகிற வழியில் ஃபைபர்காரர், “கயிறு லூசான மாதிரி இருக்கு, இறுக்கிட்டு வந்துடறேன்,” என்று எழுந்து போனார்.

படகைத் துறையில் கட்டியதும் மணிக்கூண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். வெள்ளைப் பேசின் ஒன்றை முன்னால் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் முன்பக்கத்து டிரம். அலை அடித்து அடித்து டிரம் சுவரில் மோதிய மீன்களுக்கு மூக்கு சிவந்திருந்தது. உயிரோடு ஒன்பது, செத்தது பதினொன்று.

“அது தெரிஞ்ச விஷயம்தானே,” என்றார் ஃபைபர்காரர்.

பின்பக்கத்து டிரம்மில் உயிரோடு பதினெட்டு, செத்தது இரண்டு.

“அட, ரெண்டு செத்துப்போச்சே!” என்றாள் மனைவி. வருத்தப்படுகிற குரலில் வருத்தமே இல்லை.

நடுவிலிருந்த டிரம்மைக் கொண்டுவந்தார்கள். மேலே ஒன்றுகூட மிதக்கவில்லை. மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு, “பாருங்க மாமா! ஒண்ணு சாகல!” என்று கத்தினான். பக்கத்துப் படகில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மணிக்கூண்டு வலைக்கரண்டியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினில் போட்டார். “பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.”

“அவ்வளவுதான்!” என்று ஃபைபர்காரர் கையைத் தட்டினார். “இருபதும் உசிரோட! நடுவுலதான் தொட்டி. எடுங்கப்பா சுண்ணக்கட்டிய.”

“இன்னும் இருக்கே,” என்றார் மணிக்கூண்டு.

“எங்க இருக்கு?”

“டிரம்ல.” அவர் குனிந்து அள்ளினார். “இருபத்தொண்ணு.”

மருமகன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் ஃபைபர்காரரைப் பார்த்தாள். ஃபைபர்காரர் அங்கே வானத்தில் எழுதியிருந்த எதையோ படிக்க ஆரம்பித்தார்.

“இருபத்திரண்டு. இருபத்திமூணு.”

“எண்ணிப் போடும்போது தவறியிருக்கும்ங்க,” என்றாள் மனைவி.

“இருபத்திநாலு.”

“பிரசவம் ஆயிருக்குமோ?” என்றார் ஃபைபர்காரர் மெதுவாக.

“இருபத்தஞ்சு. இருபத்தாறு.” மணிக்கூண்டு வலைக்கரண்டியைப் பேசின் ஓரத்தில் வைத்தார். “இருபது போட்டேன். இருபத்தாறு இருக்கு.”

பேசினுக்குள் இருபத்தாறு மத்தியும் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தன.

“காக்கா வந்தது. யாரு கடல்ல போட்டது?”

மருமகன் தொண்டையைக் கனைத்தான். “நான்தான் மாமா. நாலு மெதந்துச்சு. எடுத்துப் போட்டுட்டு, வாளியிலேர்ந்து நாலு விட்டேன். கணக்கா நாலுதான் விட்டேன், சத்தியமா!”

“அப்போ இருபதுதானே இருக்கணும்?”

“அதான் எனக்கும் புரியல.”

மனைவி தோள்பையை முன்னால் இழுத்துத் திறந்தாள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மூன்று செத்த மீனை எடுத்துத் தரையில் வைத்தாள். “போறப்பவே மூணு செத்துடுச்சுங்க. கடல்ல போட்டா காக்கா வரும், நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் பைக்குள்ள வச்சேன்.”

“அத்தை!” என்றான் மருமகன். “சொல்லியிருக்கக்கூடாதா?”

“நீ சொன்னியா என்கிட்ட?”

“மூணுக்கு மூணு விட்டியா?” என்றார் மணிக்கூண்டு.

“எண்ணல. ஒரு கரண்டி அள்ளி விட்டேன். ஏழெட்டு இருக்கும். அந்த ஆட்டத்துல எனக்கு வாந்தி வருமா, மீனை எண்ணுவேனா?”

“ஏழுன்னா இருபத்திநாலு. மீதி ரெண்டு?”

இப்போது எல்லோரும் ஃபைபர்காரரைப் பார்த்தார்கள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து வாயில் வைத்தார். வாயில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. “ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே மெதந்துச்சு. பாவமா இருந்துச்சு. அத சட்டைப்பையில போட்டுட்டு மூணு விட்டேன். ஒருவேளை போற வழியில செத்துட்டா இருக்கட்டும்னு ரெண்டு கூடுதலா…”

“சட்டைப்பையிலயா?” என்றாள் மனைவி.

“இன்னும் அங்கதான் இருக்கு அண்ணி.”

பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவர் ஊசியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு அந்த நீர் நிற்கவில்லை.

மணிக்கூண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் தனக்காகத் திருடியிருக்கிறார்கள் என்று புரிந்தது. மிதவைக்குப் பக்கத்தில் சுக்கான் எதற்குத் தன் கைக்கு வந்தது என்பதும் புரிந்தது. புரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உள்ளே வரிசையாக உட்கார்ந்தது, மருத்துவமனை பெஞ்சில் உட்காருகிறவர்கள் மாதிரி. கூப்பிட ஆள் இல்லை.

இடது கையால் வலது கையைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தார். மத்திகள் ஒருமுறை சிதறின. பிறகு அந்தக் கையையும் பேசினின் ஒரு பாகமாக எடுத்துக்கொண்டு விரல்களுக்கு இடையே புகுந்து ஓடின. மணிக்கட்டை உரசிக்கொண்டு ஒன்று போவது தெரிந்தது. கண்ணுக்குத்தான் தெரிந்தது.

“தெரியுதாங்க ஏதாவது?” என்று மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“இல்ல.”

கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“உன்கிட்ட மூணு, மாப்பிள்ளைகிட்ட நாலு, இவர் பையில ஒண்ணு. நடுவுல எட்டு செத்திருக்கு. ஒரு மணி நேரத்துல எட்டுன்னா, கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்றதுக்குள்ள தொட்டியில பாதிதான் மிஞ்சும். பின்னால ரெண்டு.” கைத்தடியால் தளத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். “அங்க. சரியா மையத்துல. ஒரு விரக்கடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக்கூடாது, படகு சாயும். மூலை வேணாம், வட்டமா வார்த்துடுங்க. மூலை இருந்தா மீன் அங்க போய் அடைஞ்சு சாகும். செம்புக் குழாய் எங்கயும் வரக்கூடாது, மீனுக்கு அது விஷம்.”

“மாமா,” என்றான் மருமகன். “எட்டுதானே மாமா. கொஞ்சம் அதிகமா இரை ஏத்திக்கிட்டா போச்சு. சாகுறது சாகட்டும். நடுவுலயே இருக்கட்டுமே.”

மணிக்கூண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?”

துறையில் தையல் நின்றது.

“ஆறு பேரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. மீன் சாகிற எடத்துல தொட்டிய வச்சுக்கிட்டு, கூட்டம் எதுக்க வரும்போது செத்த மத்திய வீசுவீங்களா? ஆறு வீட்டுலயும் போய் என்ன சொல்லுவீங்க? எங்க மாமா நிக்க எடம் வேணும்னு சொல்லுவீங்களா? உங்களையெல்லாம் நம்பிப் படகக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்ங்க!”

ஒரு ‘ங்க’ குறையவில்லை. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த முகம் முழுக்கச் சிரிப்பு. மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தான், கேட்டீங்களா அத்தை என்பதுபோல. அவளும் கேட்டாள். ஆனால் அவள் அவர் முகத்தையும் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. நாக்குக்கு வழி தெரிந்திருந்தது, அது தானாகப் போய்விட்டு வந்தது, அவ்வளவுதான்.

ஃபைபர்காரர் பின்பக்கம் மண்டியிட்டு வட்டம் போட்டார். எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “உசரம் சொல்லணுமே அண்ணே,” என்றார். “வீசுறவர் இடுப்புக்கு விளிம்பு வரணும். மேல போனா தோள் வலிக்கும், கீழ போனா முதுகு போயிடும். ஒரு தடவை வார்த்துட்டா ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. யார் இடுப்புக்கு வைக்கட்டும்?”

“மாமா இடுப்புக்கு,” என்றான் மருமகன் உடனே. “இந்தப் பருவம் இல்லேன்னா அடுத்த பருவம். கால் நல்லா உறுதியாயிட்டா…”

“வேணாம்,” என்றார் மணிக்கூண்டு. “வீசப்போறது நம்ம படகுச் சமையல்காரர்.”

“அவர் குள்ளமாச்சே மாமா. உங்க இடுப்புக்கும் அவர் இடுப்புக்கும் ஒரு சாண் வித்தியாசம் வரும். அப்புறம் நீங்க…”

“அவருக்குக் கை சுத்தம். இரைய நசுக்க மாட்டார்.” அவர் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு சுக்கான் அறைக்குள் நடந்தார். “சமையல் மேடை அவர் இடுப்பு உசரத்துக்குத்தான் போட்டது. அத அளங்க.”

அறைக்குள் ஒரு மூலையில் அடுப்பும் அரை ஆள் அகல மேடையும் இருந்தன. ஃபைபர்காரர் நாடாவை இழுத்து நுனியை மேடை விளிம்பில் வைத்தார். கீழே இழுத்தால் மேலே வழுக்கியது. “யாராவது நுனியப் புடிங்களேன்.”

மணிக்கூண்டு இடது கையால் வலது கையைத் தூக்கி நாடாவின் நுனிமேல் வைத்தார். நல்ல கனம் அந்தக் கைக்கு. நாடா அசையவில்லை.

ஃபைபர்காரர் தரையில் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். “எண்பத்திரண்டு.”

“எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார். மருமகன் வாசலில் நின்று பின்தளத்து வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

“அளந்தாச்சு அண்ணே. கைய எடுங்க.”

“எடுத்துட்டேனே,” என்றார் மணிக்கூண்டு. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை நாடாவின்மேலேயே இருந்தது. மனைவி உள்ளே வந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கையை மேடையிலிருந்து எடுத்தாள். நாடா சரக்கென்று கூட்டுக்குள் ஓடியது. சத்தம் கேட்டு அவர் திரும்பித் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

அவள் அதைக் கீழே விடவில்லை.

“வீட்டுக்குப் போலாமா?” என்றாள்.

“மீனைக் கடல்ல விட்டுட்டுப் போலாம். மாப்பிள்ளையை மூணு டிரம் மீனையும் பேசின்ல ஒண்ணா சேர்க்கச் சொல்லு.”

“எத்தனைங்க இருக்கும் மொத்தம்?”

“ஐம்பத்திமூணு,” என்றார்.